பாஸ்டர் என்னும் பெயர்

பெற்றோர் இடும் பெயர் ஒருவர் வாழ்நாளளவில் நிற்பது. குடிக்கு அமைந்த பெயரோ தலைமுறைதோறும் கைமாறி வருவது. அதனைத் தாங்கி வருவோர், அது எக்காலத்தே எக்காரணம் பற்றி எழுந்ததென்று பெரும்பாலும் எண்ணுவதிலர். பொருளறியாமலே நாம் நாளும் வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எம்மூர் நீலகிரியிலுள்ள குன்னூர். குன்றின்கண் அமைந்த ஊர் என அதற்குப் பொருள் கூறுவர். ஆங்கிலேயர் மலையேறி வந்தபின் அவ்வூரின் இடங்கள் பலவற்றிற்கு அவர்தம் பெயர்களே அமைந்தன. 1874-ஆம் ஆண்டில் தோன்றிய சிம்ஸ் பூங்கா, லாம்ஸ் ராக் என்னும் பாறை, லேடி கானிங் இருக்கை ஆகியவை அத்தகையன. இவற்றினிடையே ஒரு பெயர் மட்டும் இனத்தால் வேறுபட்டு நிற்கின்றது. சிம்ஸ் பூங்காவிற்கு அணித்தாக, வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் செய்தற்பொருட்டு எழுந்த நிலையம் ஒன்றுண்டு. அதனை எம்மவர் ‘பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்’ என்பர். செய்தித்தாள்கள் ‘பாஸ்டியர்’ என்று எழுதும். தேயிலை பறிக்கும் பெண்டிரும் சுமை தூக்கும் கூலியாட்களும் நாள்தோறும் எளிதாகச் சொல்லும் இச்சொல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் பெயராகும்.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். பாஸ்டர் என்ற சொல்லைத் திருச்சபையில் மட்டுமே கேட்டுப் பழகியவர். ஆதலின் அந்நிலையத்தை நம் போதகரை ஒத்த ஒருவர் கட்டுவித்தாரென்றே அவர் நெடுங்காலமாக நம்பி வந்தார். “நாய் கடிச்சவங்களுக்குன்னு ஒரு பாஸ்டர் ஐயா கட்டி வச்ச ஆசுபத்திரி” என்பது அவர் வாக்கு. கேட்டோர் நகைப்பர். ஆயினும் சொல்லின் வேரை நாடிச் செல்லுங்கால் பாட்டியாரின் கூற்றில் பாதி மெய்யாதல் விளங்கும்.

இலத்தீன் மொழியில் ‘பாஸ்கெரே’ என்னும் வினை மேயச் செய்தல், உணவூட்டுதல் எனப் பொருள்படும். அதனின்று தோன்றிய பெயர்ச்சொல் ‘பாஸ்தோர்’. மேய்ப்பன் என்பது பொருள். இச்சொல் பழைய பிரெஞ்சில் இரு கிளையாகப் பிரிந்தது. இலத்தீனின் எழுவாய் வடிவம் தேய்ந்து ‘பாத்ர்’ ஆயிற்று; இரண்டாம் வேற்றுமை வடிவம் திரிந்து ‘பாஸ்தர்’ என்பதற்கு அணித்தாக ஒலிக்கும் சொல்லாயிற்று. முன்னது மலைநாட்டு இடையனைக் குறித்து நின்றது. பின்னது அப்பொருளோடு, ஆன்மாக்களை மேய்க்கும் குருவையும் குறிக்கலாயிற்று. பிரான்சு நாட்டுச் சீர்திருத்தச் சபையார் இன்றும் தம் போதகரை அப்பெயராலேயே அழைக்கின்றனர். அதே இலத்தீன் மூலம் ஆங்கில வழியாக நம் சபைகளுக்கும் வந்தது. எனவே ஞாயிற்றுக்கிழமை நாம் வணங்கி விளிக்கும் பாஸ்டரும், குன்னூர் நிலையத்தின் பெயரிலுள்ள பாஸ்டரும் ஒருவயிற்றுப் பிறந்த சொற்களேயாம்.

பிரெஞ்சு நாட்டுக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நால்வகைப்படும். மார்த்தேன் என்பது போன்றவை முன்னோன் ஒருவனது இயற்பெயரே குடிப்பெயராயினவை. துப்போன் என்பது பாலத்தண்டை வாழ்ந்தோன் எனப் பொருள்பட்டு, இடம் பற்றி அமைந்தது. லெகிரான் என்பது ‘பெரியவன்’ என்று உருவம் பற்றி எழுந்தது. கொல்லனைக் குறிக்கும் லெஃபேவ்ர், அரைவைக்காரனைக் குறிக்கும் மெனியே முதலியன தொழில் பற்றி வந்தவை. பாஸ்டர் இவ்விறுதி வகையைச் சார்ந்தது. ஊரார் மந்தையை மேய்ப்பதற்கெனத் தனியாளை அமர்த்தும் வழக்கம் அந்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தது. ஆங்கிலத்தில் ஷெப்பர்டு என்றும், செருமானியத்தில் ஷேஃபர் என்றும், பிரெஞ்சிலேயே வேறொரு வேரினின்று பெர்ஜே என்றும் வழங்கும் குடிப்பெயர்கள் இதன் பொருளையே உடையன. நம் தமிழிலும் ஆயன், கோவலன், கோன் என இப்பொருள்படும் பெயர்கள் உள. கோ என்னும் ஒரு சொல் பசுவையும் குறிக்கும்; அரசனையும் குறிக்கும். மந்தையை ஓட்டிய கோலே பின்னாளில் மன்னன் கையில் செங்கோலாயிற்றென்று கருதுவாருமுளர். எருமை மந்தையே உயிராக வாழ்ந்த தோடரின் மலை எங்கள் நீலகிரி. அம்மலைக்கு அயல்நாட்டு மேய்ப்பன் பெயர் ஒன்று வந்தேறியது பொருத்தமன்றோ?

இனிக் குடியின் வரலாற்றிற்கு வருவோம். விஞ்ஞானி லூயி பாஸ்டரின் மருமகனார் ரெனே வலெரி-ரதோ என்பார் 1900-ஆம் ஆண்டில் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, எளிய குடிகளின் மரபையும் பழைய கோயிற் பதிவேடுகளில் தேடிக் காணலாகும் என்னும் கருத்தோடு தொடங்குகின்றது. பிரான்சின் கீழ்த்திசையில் சுவிட்சர்லாந்தை அடுத்து ஜூரா மலைத்தொடர் உளது. அதனைச் சார்ந்த நாட்டிற்கு ஃபிரான்ஷ் கோந்தே என்று பெயர். அங்கே மூத் என்னும் ஊரின் மடாலயப் பதிவேடுகளில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாஸ்டர் என்னும் பெயர் காணப்படுகின்றது. அவர்கள் நிலத்தை உழுதுண்டு வாழ்ந்த எளிய மக்கள். 1682-ஆம் ஆண்டில் மியேஜ் என்னுமிடத்துப் பதிவேட்டில் தெனி பாஸ்டர் என்பவரது திருமணம் எழுதப்பட்டுள்ளது. அவரிலிருந்து லூயி பாஸ்டர் வரை வழிமுறை இடையறாது வருகின்றது.

தெனி, லெமுயி என்னும் ஊரில் உத்ரெசியே பிரபுவின்கீழ் அரைவைக்காரராய் இருந்தார். மேய்ப்பன் என்னும் பெயருடையார் மாவரைத்து வாழ்ந்தனர்! தொழில் கழிந்தது, பெயர் மட்டும் நின்றது. அவர்கள் வெறும் கூலியாட்களுமல்லர். நிலத்தோடு பிணிக்கப்பட்ட அடியாட்கள். ஃபிரான்ஷ் கோந்தே என்னும் பெயரே ‘கட்டற்ற நாடு’ எனப் பொருள்படும். அந்நாட்டில்தான் அடிமைக்கட்டு நெடுங்காலம் நின்றது என்பது வியப்பு. அக்கட்டினைப் பிரெஞ்சில் ‘இறந்த கை’ என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கினர். அடியாள் ஒருவன் தன்னோடு ஒரே அடுப்பில் உண்டு உடனுறைந்த மக்கட்கன்றிப் பிறர்க்குத் தன் பொருளை விட்டுச்செல்ல இயலாது. அத்தகையார் இலராயின் அது ஆண்டைக்கே சேரும். உயிரோடிருக்கும்போதே அவன் கை கொடுக்கமாட்டாத கையாயிற்று. ஆதலின் இறந்த கை. ஜூரா மலையின் அடியாட்களுக்காக வால்த்தேர் என்னும் பேரறிஞர் எழுதிப் போராடினார். 1779-ஆம் ஆண்டில் பதினாறாம் லூயி மன்னர் தம் சொந்த நிலங்களில் அக்கட்டை நீக்கினார். நாடு முழுவதும் அது ஒழிந்தது 1789-ஆம் ஆண்டுப் புரட்சியிலேதான்.

தெனியின் பேரரான குளோத்-எத்தியேன் பாஸ்டர் அதுகாறும் காத்திருந்தாரல்லர். அவர் அரைவையை விடுத்துத் தோல் பதனிடும் தொழிலை மேற்கொண்டு சலேன் என்னும் ஊருக்குச் சென்றார். 1763-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், பத்திரம் எழுதும் அதிகாரி முன்னிலையில் 24 லீவ்ர் மதிப்புள்ள பொற்காசு நான்கைக் கொடுத்துப் பிரபுவிடமிருந்து தம்மையும் தம் வழியினரையும் விடுவித்துக்கொண்டார். நான்கு பொற்காசு! அவர் பெயரரின் மகனே லூயி பாஸ்டர்.

லூயியின் தந்தை ழான்-ழோசப் பாஸ்டர் 1791-ஆம் ஆண்டில் பிறந்து இளமையிலேயே தந்தையை இழந்தவர். நெப்போலியன் படையிற் சேர்ந்து ஸ்பெயினிற் போரிட்டு, வீரத்திற்காக விருது பெற்றவர். போர் முடிந்ததும் மீண்டும் தோல் பதனிடலானார். டோல் என்னும் ஊரில் தோல் பதனிடுவோர் தெருவில், 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் லூயி பிறந்தார். 1883-ஆம் ஆண்டு சூலை 14-ஆம் நாள் அவ்வீட்டிற் பெயர்ப்பலகை பதிக்கப்பட்டபோது, உலகப் புகழ் பெற்றிருந்த அவர் அங்கு நின்று, தமக்குக் கிடைத்த அனைத்தும் உழைத்து மறைந்த தாய் தந்தையர்க்கே உரியதென்னும் கருத்தில் உரையாற்றினார். பதனிடும் குழியையும் தோல் நாற்றத்தையும் அவர் மறைத்தாரல்லர்.

இவ்விடத்தே என் குடியின் செய்தி சிலவற்றைச் சொல்ல வேண்டியவனாயினேன். நம் நாட்டுப் பள்ளிகளில் பாடம் வாராத மாணவனை ஏசுதற்கு ஒரு வாசகம் உண்டு: “நீ மாடு மேய்க்கத்தான் தகுதி.” யான் பயின்ற பள்ளியிலும் ஆசிரியர் ஒருவர் அதனைப் பலகாற் கூறியதுண்டு. வகுப்பினர் நகைப்பர். யான் நகைத்திலேன், ஏனெனில் என் பூட்டனார் மெய்யாகவே ஆடு மேய்த்தவர். சமவெளியில் நிலக்கிழார் ஒருவரிடம் அவருடைய தந்தை பட்ட கடனுக்காகச் சிறுவனாயிருந்தபோதே மந்தையின் பின்னே அனுப்பப்பட்டவர். வளர்ந்தபின் கங்காணி ஒருவர் தந்த முன்பணத்தால் அக்கடனைத் தீர்த்து மலையேறினார். பழைய கடன் போயிற்று. புதிய கடன் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஆண்டுகள் பல உழைத்தபின்னரே அதுவும் தீர்ந்தது. தோட்டத்துச் செக்ரோலில் அவர்க்கு ஓர் எண்ணும் சுருங்கிய ஒரு பெயருமே இருந்தனவாம். அவர் திருமுழுக்குப் பெற்றபோது, இளமையில் ஆடு மேய்த்தவரென்பதை அறிந்த உபதேசியார், விவிலியத்தில் முதன்முதல் ஆடு மேய்த்தவனாகக் கூறப்படுவோனின் பெயரை அவர்க்கு இட்டனர். ஆதியாகமம் படித்தார் அப்பெயரை அறிவர். அக்கோயிற் பதிவேட்டு வரியே எம் குடியைப் பற்றி எழுத்திலுள்ள முதற்செய்தி. அதற்கு முன் எம்மவர் வாழ்ந்தனர், உழைத்தனர், இறந்தனர். எழுதுவார் ஒருவரும் இலர்.

சென்ற ஆண்டில் என் தமையனார் அயல்நாட்டில் வேலை பெற்றுக் கடவுச்சீட்டிற்கு விண்ணப்பிக்க நேர்ந்தது. தமிழர்க்குக் குடும்பப்பெயர் வழக்கமின்று. தந்தையார் பெயரின் முதலெழுத்தே போதும். ஆயினும் அயல்நாட்டார் ஒரு குடும்பப்பெயர் கேட்பரென்றும், அதற்கான கட்டத்தை நிரப்புதலே நலமென்றும் அறிந்தார் கூறினர். அன்றிரவு எங்கள் வீட்டிற் பெரும் உரையாடல் நிகழ்ந்தது. சிற்றப்பா, கேட்டார் மதிக்கும்படி ஆங்கிலத் துரை ஒருவரின் பெயரை வைத்துக்கொள்ளலாமென்றார். மாமா, குலத்தை ஒருவரும் உய்த்துணராதவாறு புதுப்பெயர் ஒன்று புனையலாமென்றார். தமையனார் வாளா இருந்தார். எந்தை மட்டும், “நம் தாத்தா பேரு இருக்கே, அதுல என்ன குறை?” என்றார். ஆடு மேய்த்த கதையும் அப்பெயரோடு வருமே என்று சிற்றப்பா தயங்கினார். யான் அப்பொழுது பாஸ்டர் குடியின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். மேய்ப்பன் என்று பெயர் பூண்டு, அடியாளாய் வாழ்ந்து, நான்கு பொற்காசிற்கு விடுதலை வாங்கிய குடியின் கதையை அவர்கட்குச் சொன்னேன். பாட்டியார் அதனைக் கூர்ந்து கேட்டனர்.

அக்கதையின் பிற்பகுதியே பெரிதும் சுவையுடையது. தொழில் மாறி இருநூறு ஆண்டுகள் சென்றபின், லூயி பாஸ்டர் தம் பெயரின் பொருளை மீண்டும் தேடிச் சென்றாரோ என்று எண்ணுமாறு அவர் பணிகள் அமைந்தன. மதுவும் பிறவும் கெடாவண்ணம் அளவாகச் சூடேற்றிக் காக்கும் முறையை 1860-களில் அவர் கண்டார். பின்னர் அது பாலுக்கும் வந்தது. இன்று பாலுறையின்மேல் ‘பாஸ்டுரைஸ்டு’ என அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். மந்தை மேய்ப்பவன் பெயர் மந்தையின் பாலுக்கே வந்து சேர்ந்தது. ஆடுமாடுகளை மாய்க்கும் அடைப்பான் நோய்க்கு அவர் தடுப்பூசி செய்தபோது, ஐயுற்றார் பலர். 1881-ஆம் ஆண்டு மே மாதத்தில் பூயி-லெ-ஃபோர் என்னும் பண்ணையில் வெளிப்படையான சோதனை நடந்தது. 24 ஆடுகட்கு ஊசி இடப்பட்டது. வேறு 24 ஆடுகட்கு இடப்படவில்லை. மே 31-ஆம் நாள் எல்லாவற்றிற்கும் நோய்க்கிருமி ஏற்றப்பட்டது. சூன் 2-ஆம் நாள் கூடிய மக்கள் கண்டதென்ன? ஊசி பெற்ற ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. பெறாதவற்றுள் பெரும்பாலான இறந்து கிடந்தன, எஞ்சியனவும் மாண்டுகொண்டிருந்தன.

1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ழோசப் மெய்ஸ்தர் அவர் மருந்தால் உயிர் பிழைத்தான். அடுத்து அக்டோபரில் வந்தவன் ழான்-பத்தீஸ்து ழுப்பீய் என்னும் பதினைந்து வயது இளைஞன். அவன் ஊர் ஜூராவில் உள்ளது. அவன் தொழில் ஆடு மேய்த்தல். தன்னிலும் இளைய மேய்ப்பச் சிறுவர்மீது வெறிநாய் பாய்ந்தபோது, அவர்களை ஓடச் செய்து தான் ஒருவனாய் எதிர்த்தான். சாட்டைக் கயிற்றால் அதன் வாயைக் கட்டி, மரச்செருப்பால் அடித்துக் கொன்றான். கையெல்லாம் கடியுண்டான். அவனும் பிழைத்தான். மேய்ப்பன் ஒருவன் மந்தைச் சிறுவரைக் காத்தான். மேய்ப்பன் எனப் பெயர் கொண்டவர் அவனைக் காத்தார். பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தின் தோட்டத்தில் அவன் நாயோடு போராடும் உருவச்சிலை இன்றும் நிற்கின்றது.

அந்நிலையம் 1888-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இந்தியாவில் முதல் நிலையம் 1900-ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் அமைந்தது. தென்னாட்டார் அத்தனை தொலை செல்லுதல் எங்ஙனம்? 1902-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பெண்மணி ஒருவர் வெறிநாய்க்கடியால் நீலகிரியில் உயிர் நீத்தார். அதன்பின் ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் அளித்த பெருங்கொடையின் ஒரு பகுதிகொண்டு, 1907-ஆம் ஆண்டில் குன்னூரில் நிலையம் எழுந்தது. 1899-ஆம் ஆண்டிலேயே மேட்டுப்பாளையத்திலிருந்து மலைரயில் குன்னூர் வரை வந்துவிட்டமையின் சமவெளியிற் கடியுண்டாரும் வந்து சேர்தல் எளிதாயிற்று.

அக்காலத்து மருந்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். டேவிட் செம்பிள் என்பார் 1911-ஆம் ஆண்டில் கசௌலியில் வகுத்த முறைப்படி, நோயேற்றப்பட்ட ஆட்டின் மூளையை எடுத்து, கார்பாலிக் அமிலத்தால் நச்சை அடக்கி, அக்குழம்பை ஊசிமூலம் வயிற்றில் ஏற்றினர். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் முன்னோர் அச்சத்தோடு கூறியது அதனையே. 2004-ஆம் ஆண்டளவில் இந்தியாவில் அம்மருந்து நிறுத்தப்பட்டு, உயிரணு வளர்ப்பிற் செய்யும் மருந்து அதனிடத்தைக் கொண்டது. மேய்ப்பன் பெயர் பூண்ட நிலையத்தில் மனிதர்க்காக மாண்டவை ஆடுகளே. கிறித்தவராகிய நமக்கு இதனைக் கேட்டவளவில் வேறொரு நினைவும் எழும். அதனை விரிக்க வேண்டுவதில்லை.

என் பாட்டனார் பத்து வயதுச் சிறுவராயிருந்தபோது, தேயிலைச் செடிகளினிடையே குள்ளநரி ஒன்று பாய்ந்து அவர் காலைக் கடித்தது. பூட்டனார் மகனைத் தோளிற் சுமந்து குன்னூர் நிலையத்திற்குக் கொண்டுசென்றார். பதினான்கு நாளும் கூலியை இழந்து மகனோடு நடந்தார். ஊசி இடுவோர் கூலியாளின் மகனென்று வேறுபாடு காட்டினாரிலர் என்று பாட்டனார் கூறக் கேட்டிருக்கிறேன். அதே மாதத்தில் அந்நரியாற் கடியுண்டு, மந்திரிப்பாரிடம் சென்ற வேறொருவர் தண்ணீரைக் கண்டு அலறி இறந்தாராம். பதினான்கு ஊசியும் பாட்டனார்க்கு இடப்பட்டிராவிடின் எந்தையும் இலர், யானும் இல்லேன். இக்கட்டுரையும் இல்லை.

லூயி பாஸ்டர் 1895-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மகனுக்கு மக்கட்பேறு இல்லை. மகள்வழிப் பெயரர் ஒருவரே பாட்டனார் பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு 1970 வரை வாழ்ந்தார். தெனி பாஸ்டரிலிருந்து லூயி வழியாக வந்த ஆண்வழி அவ்வாறு முடிந்தது. ஆயினும் பாரிசிலும் குன்னூரிலும் உலகின் வேறு பல ஊர்களிலும் அப்பெயரைச் சொல்லாத நாளில்லை. பெயரை வாழ்விப்பது குருதி மட்டுமே என்பார் இதனைச் சிந்திப்பாராக.

நம் நாட்டிலே தொழில் பற்றிய பெயர் பல்லாயிரவர்க்கு விலங்காயிற்று. தந்தை தோல் பதனிட்டானென்றால் மகனுக்கும் அதுவே விதியென்றனர். மகன் கல்வி பெற்று உயர்ந்த பின்னும் அதனையே சுட்டி நகைத்தனர். அதனால் அஞ்சி, முன்னோர் செய்த தொழிலை வாய்விட்டுச் சொல்லவும் நாணுவார் நம்மிற் பலர். அவர் நாணம் அவர் குற்றமன்று. ஆயினும் மறைத்தலால் அந்நகை அடங்கியதாக யான் கண்டதில்லை. மேய்ப்பன் என்னும் பெயரை வெளிப்படத் தாங்கிய ஒரு குடி, அரைத்தும் பதனிட்டும் படித்தும் உயர்ந்ததைக் கண்டோம். நகைப்பவர் நாவில் இழிவாயிருக்கும் சொல், வேறொருவர் உழைப்பால் உலகம் வணங்கும் சொல்லாதல் கூடும்.

எங்கள் வீட்டு உரையாடல் அவ்விரவே முடிவுற்றது. தமையனார் விண்ணப்பத்திற் பூட்டனாரின் பெயரையே எழுதினார். சிற்றப்பாவும் இசைந்தார். இப்பொழுது அப்பெயர் அயல்நாட்டு அலுவலகம் ஒன்றில் நாள்தோறும் விளிக்கப்படுகின்றது. கூப்பிடுவார் அதனை ஒருவாறு திரித்தே ஒலிக்கின்றனரென்று அவர் எழுதியிருந்தார்.

தோழர்களே, நம் கல்லூரியில் பயில்வோருட் பெரும்பாலார் முன்னோர் பெயர் ஏடேறாத குடிகளிற் பிறந்தவரே. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், பாட்டன் பாட்டியர் உயிரோடிருப்பின் அவர்தம் பெற்றோர் யார், எவ்வூரார், என்ன தொழில் செய்தார், என்ன கடன் பட்டார், அதனை எவ்வாறு தீர்த்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கோயிற் பதிவேடு இருக்குமாயின் போதகரை வேண்டி அதனையும் பாருங்கள். தாள்கள் பழுத்து உதிர்கின்றன. சொல்லுவாரும் குறைந்து வருகின்றனர். என் பாட்டியார் சொன்னவற்றை யான் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியுள்ளேன். இதுவரை பதினோரு பக்கம் ஆயிற்று.